கிணற்றுத் தண்ணீரும் சுபைதாவின் உபசாரமும்

கிண்ணியா

அன்புள்ள மருமகன் இன்ஷாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், கிணறு மட்டும் நலமில்லை. அக்கரைப்பற்றில் நீங்களும் மகள் ஷிஃபானாவும் சுகம்தானே? தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே கூட்டிவரும் விடயமாகவே எழுதுகிறேன். இப்போதைக்குக் கூட்டிவர வேண்டாம். கோபிக்காமல் முழுதும் வாசியுங்கள்.

நம் மதிலுக்கு அந்தப் பக்கம் வாகனங்களுக்கு எண்ணெய் அடிக்கும் றுவைஸின் பெற்றோல் செட் இருக்கிறதல்லவா, நிலத்துக்குக் கீழே புதைத்த அவருடைய பெற்றோல் தாங்கி ஒழுகுகிறது. கொஞ்ச நாளாகத் தேத்தண்ணீரிலேயே பெற்றோல் மணக்கிறது. ஒழுகவே இல்லை என்று அவர் சாதிக்கிறார். நான் முறைப்பாடு கொடுக்க, ஓர்ஸ் ஹில் சுற்றாடல் கந்தோரிலிருந்து மெல்ரோய் என்ற அதிகாரி மாதாமாதம் வந்து கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுப்பதென்று ஏற்பாடாயிற்று. அவர் வருகிறார் என்று தெரிந்ததும் உங்கள் மாமி சுபைதா ஆள் பிடித்துக் கிணற்றை அடிமட்டம் வரை இறைத்து, பிளீச்சிங் பவுடரும் போட்டுவிட்டார். கேட்டால், “வாற மனுசன் இந்த ஊத்தைத் தண்ணியப் பாத்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பார்?” என்கிறார். அறிக்கை நல்லதாக வந்தது. அடுத்த தடவை கடுமையாகச் சொல்லிவைத்தேன், ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வருவதற்குள் மறுபடியும் இறைத்துவிட்டார். அந்த அறிக்கை முன்னையதிலும் நல்லது. றுவைஸ் அதன் பிரதிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் செட்டில் மாட்டியிருக்கிறார். ஆத்திரத்தில் ஒருநாள் முழுவதும் சுபைதாவோடு நான் கதைக்கவில்லை, அது அவருக்குத் தெரியவும் இல்லை.

ஆகவே இம்முறை வீட்டில் யாருக்கும் சொல்லாமலே மெல்ரோயை வரச்சொன்னேன். நேற்றுப் பகல் வந்தார். வாளி மேலே வந்ததும் முகத்தைச் சுளித்து, “நானா, இந்தத் தண்ணியில முகமும் கழுவாதீங்க” என்றார். இரண்டு போத்தலில் எடுத்தார். எனக்கு வந்த சந்தோசத்தில், சாப்பிடாமல் போக ஏலாது என்று பிடித்திருத்தி, மீன் ஆணத்தோடு சோறு கொடுத்தேன். குடிக்க மட்டும் சோடா. அறிக்கை அடுத்த கிழமை வரும், அதைக் காட்டித் தாங்கியைத் தோண்டி எடுப்பிப்பேன், கிணறும் தெளியும். பிறகு மகளைக் கூட்டிவாருங்கள். என் பேரப்பிள்ளையைப் பெற்றோல் தண்ணீரில் குளிப்பாட்டுவதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

ஷிஃபானாவுக்கு எங்கள் சலாம். அல்லாஹ் அவளுக்கு இலேசான பிரசவத்தைத் தருவானாக.

இப்படிக்கு,
மாமா அலியார்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் பார்த்து சுபைதா ஒன்று சொன்னார். நேற்று மெல்ரோய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குசினி வாசலில் வைத்திருந்த அந்த இரண்டு போத்தலையும் கழுவி, நாங்கள் குடிக்க வாங்கிய கடைத் தண்ணீரை நிரப்பிவைத்தாராம். “நம்மட வீட்டுக்கு வந்த மனுசன் நாத்தத் தண்ணியையா கொண்டுபோற?” என்று என்னையே கேட்கிறார். அறிக்கை எப்படி வரும் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை. ஷிஃபானா அங்கேயே பெறட்டும். நாளைக் காலை பஸ்ஸில் சுபைதாவை அனுப்பிவைக்கிறேன். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியும்வரை தயவுசெய்து திருப்பி அனுப்ப வேண்டாம். அதற்குள் எப்படியும் ஒரு போத்தல் ஊத்தைத் தண்ணீரை இந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பிவிடுவேன்.