கோதண்டபாணி சாரின் வாட்ச்சும் காந்திமதி அம்மாளின் நெஞ்சும்

மருத்துவ வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: கோதண்டபாணி சார் ஸ்மார்ட் வாட்ச் கட்டுவதற்கு முந்தைய இருண்ட காலம், கட்டிய பிறகு வந்த பொற்காலம். அந்தப் பொற்காலம் திண்டிவனத்தில், எங்கள் வசந்தம் நகரில்தான் தொடங்கியது என்பதை 'வசந்தம் நகர் டிஜிட்டல் உடல்நலக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

கோதண்டபாணி சார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முகையூர்ப் பக்கத்து நிலங்களை எல்லாம் சங்கிலி போட்டு அளந்தவர். இனி அளக்க ஒன்றுமில்லை என்று அவர் சோர்ந்து கிடந்த வேளையில், கனடாவில் இருக்கும் மகன் தென்னரசு அந்த வாட்ச்சை அனுப்பி வைத்தான். அன்று முதல் சார் தன்னையே அளக்க ஆரம்பித்தார். நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன், தூக்கம், மன அழுத்தம் எல்லாம் அவர் மணிக்கட்டிலிருந்து செல்போனுக்கும், அங்கிருந்து கனடாவுக்கும், அங்கிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் பாய்ந்தன. சார் மத்தியானம் கண்ணயர்ந்தால் இரண்டு கண்டங்களுக்குத் தெரியும். ஒருநாள் கொசு அடிக்கும் பேட்டை வீசிக்கொண்டிருந்தவரை, "அபாரமான டென்னிஸ்!" என்று வாட்ச் பாராட்டியது. குழுவே கைதட்டியது.

அவர் மனைவி காந்திமதி அம்மாள் கையில் இருந்தவை வளையல்கள். அவற்றில் ப்ளூடூத் கிடையாது. எனவே அந்த அம்மாளின் உடம்பைப் பற்றி உலகத்திடம் எந்தத் 'தரவும்' இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை அந்த அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"ஏங்க, நெஞ்சு ஒரு மாதிரியா அடைக்குது. கையெல்லாம் நோவுது. படபடன்னு அடிச்சிக்கினே இருக்குது."

சார் பதறவில்லை. விஞ்ஞான மனம் பதறாது. தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் நார்மல்னுதான் காட்டுது."

"அது உங்க கைங்க."

"கேஸ்தாம்மே. ராத்திரி மல்லாட்டை வறுத்துத் துன்னியே, அதான்."

அந்த அம்மாள் மகனிடம் வீடியோ காலில் சொன்னார். தென்னரசு அக்கறையோடு செல்போனைத் தடவிப் பார்த்தான். "எனக்கு ஒரு அலர்ட்டும் வரலியேம்மா? நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு. அப்புறம், அப்பாவுக்கு நேத்து டீப் ஸ்லீப் கம்மியா இருந்துது. படுக்கறப்ப பால் குடு."

பிறகு மதில் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என்னையும் கூப்பிட்டார். "சீனு, உங்க குழுவுல டாக்டர் யாராச்சும் இருக்காங்களா? நெஞ்சு வலிக்குதுப்பா."

நான் பொறுப்புள்ள பதவியில் இருப்பவன். "குழு விதிப்படி, வாட்ச் இல்லாதவங்களுக்கு ஆலோசனை சொல்ற வசதி இல்ல அண்ணி," என்றேன். வருத்தத்தோடுதான் சொன்னேன்.

மறுநாள் சார் வீட்டிலேயே குழுவின் மாதாந்திரக் கூட்டம். 'கைக்கடிகாரமும் கடமை தவறாத இதயமும்' என்ற தலைப்பில் நான் பேசிக்கொண்டிருந்தேன். காபித் தட்டோடு வந்த காந்திமதி அம்மாள், பாதி வழியில் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. என் உரை தடைப்பட்டது.

குழு உடனடியாகச் செயலில் இறங்கியது. பரிசோதனை அடிப்படையில், தற்காலிகமாக, வாட்ச்சை அம்மாளின் கையில் கட்டலாம் என்று நான் முன்மொழிந்தேன். வழிமொழியப்பட்டது. வளையல்களை மேலே தள்ளிவிட்டு சார் தன் கையாலேயே கட்டிவிட்டார்.

சற்று நேரத்தில் வாட்ச் அதிர்ந்தது. சாரின் செல்போன் அலறியது. திரை முழுக்கச் சிவப்பு. கம்பீரமான குரலில் நான் வாசித்தேன்:

"கோதண்டபாணி! உங்கள் இதயத் துடிப்பு சீராக இல்லை. உடனே மருத்துவ உதவி பெறவும்."

மறுகணம் நாங்கள் எல்லோரும் பாய்ந்து, கோதண்டபாணி சாரைத் தூக்கி சோபாவில் படுக்க வைத்தோம்.

அலர்ட்டைப் பார்த்துவிட்டு, கனடாவிலிருந்து வீடியோ காலில் தென்னரசு கத்தினான். "அப்பா! அசையாதீங்க! பேசாதீங்க!"

சார் பேசினார். "காலைலருந்தே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துது. வெளிய சொல்லிக்கல." அவருக்கும் வியர்த்தது. "காந்தி, ஜல்தியா ஒரு சொம்பு தண்ணி எடுத்தாம்மே!"

காந்திமதி அம்மாள் ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அவர் நடக்க நடக்க செல்போன் இன்னும் பலமாக அலறியது. அது அலற அலற, நாங்கள் சாருக்கு இன்னும் வேகமாக விசிறினோம்.

108 வந்தது. வெண்ணிலா என்ற பெண் பையோடு உள்ளே நுழைந்தார்.

"பேஷன்ட் யாருங்க?"

எல்லா விரல்களும் சோபாவைக் காட்டின. அவர் சாரின் நாடியைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார்.

"இவருக்கு ஒன்னுமில்லீங்களே."

"மேடம், வாட்ச்சே சொல்லுது!" என்றேன், செயலாளருக்குரிய கண்டிப்போடு.

"எங்க அந்த வாட்ச்சு?"

அப்போதுதான் எல்லாத் தலைகளும் சமையலறைப் பக்கம் திரும்பின. சமையலறை வாசலில் சொம்போடு காந்திமதி அம்மாள் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் புடவையில் கொட்டியிருந்தது. வெண்ணிலா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ஸ்ட்ரெச்சரை இங்க எடுத்தாங்க! சீக்கிரம்!"

சார் சோபாவிலிருந்து குதித்த வேகத்தை எந்தக் கருவியும் பதிவு செய்யவில்லை. வெறுங்காலோடு வண்டியில் ஏறினார். புதுச்சேரி ஆஸ்பத்திரி வரைக்கும் மனைவியின் கையை விடாமல், "காந்தி... காந்தி..." என்று மட்டுமே சொல்லிக்கொண்டு போனாராம். அந்த நேரத்தில் அவருடைய துடிப்பு என்னவென்று தெரியாமல் போனது எங்கள் குழுவுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

இதய ரத்தக்குழாயில் அடைப்பு. நல்லவேளையாக நீக்கிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

அந்த அம்மாள் தேறி வீடு திரும்பியதும் வாட்ச்சுக்குப் பாராட்டு விழா எடுத்தோம். வாட்ச்சுக்குப் பொன்னாடை போர்த்த முடியாது என்பதால் சாருக்குப் போர்த்தினோம். 'உயிர் காத்த உத்தமக் கருவி' என்று நான் நீண்ட உரை ஆற்றினேன். கனடாவிலிருந்து தென்னரசும் கைதட்டினான். முடிவில், கருவியைப் பாராட்டி இரண்டு வார்த்தை பேசும்படி காந்திமதி அம்மாளைக் கேட்டுக்கொண்டேன்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"நல்ல வாட்ச்சுதாங்க, குறை சொல்லக் கூடாது. நெஞ்சு வலிக்குதுன்னு இவருகிட்ட சொன்னேன். புள்ளகிட்ட சொன்னேன். செயலாளரு, உங்ககிட்டயும் சொன்னேன். காது குடுத்துக் கேட்டது அது ஒன்னுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுவும், இவருக்குத்தான் வலிக்குதுன்னு நெனச்சிக்கினு."