முப்பத்தைந்து மைல் முனி

அன்னூர் சாலையில் அந்த வருஷம் ஒரு புதிய முனி அவதரித்தார். பழைய முனிகளுக்கு ஒரு புளியமரம் போதும். இவருக்கு மோட்டார் கார் வேண்டியிருந்தது. அதுவும் மாட்டு வண்டிபோல் ஊர்கிற கார் ஆகாது. முப்பத்தைந்து மைல் வேகத்தைத் தொட்டால்தான் ஏறுவார். ஏறிவிட்டால் ஸ்டியரிங் ஓட்டுகிறவன் கையில் ஜன்னி கண்டதுபோல் உதறும். உட்கார்ந்திருப்பவர்களின் பற்கள் தாளம் போடும். வேகத்தைக் குறைத்தால் மரியாதையாக இறங்கிவிடுவார்.

முனி இருந்தால் ஏஜெண்ட் இல்லாமலா? சரவணம்பட்டி தாண்டி ஒரு கீற்றுக் கொட்டகையில் சக்கரச் சித்தர் எழுந்தருளியிருந்தார். சடையும் தாடியும் காவியுமாக, மோட்டார் வாகனங்களின் மோட்சத்துக்கென்றே இமயமலையிலிருந்து இறங்கி வந்தவராம். இமயமலையில் எத்தனை மோட்டார் ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கார் வைத்திருந்தவர்கள் கார் உதறாமலிருக்க வந்தார்கள். கார் இல்லாதவர்கள் கார் வாங்கும் யோகம் வேண்டி வந்தார்கள். கள்ளுக்கடையிலிருந்து நேரே வந்த ஒருவர், தன் சைக்கிளும் ஆடுகிறது என்று முறையிட்டார்.

சித்தரின் சட்டம் எளிது. போகிற வண்டியெல்லாம் நின்று காணிக்கை செலுத்த வேண்டும். தடித்த சீடன் ஒருவன் மண்சட்டியோடு வந்து, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் குந்தி, கையை உள்ளே விட்டுத் திருநீற்றுக் களிம்பு பூசுவான். ஆட்டுக்கிடாய் கொடுத்தவன் வண்டி வெண்ணெயில் வழுக்குவதுபோல் போகும். எலுமிச்சம்பழத்தோடு தப்பப் பார்த்தவன் வண்டி இரண்டு மைலுக்குள் உதறும். அப்புறம் அவன் கிடாயோடு திரும்பி வருவான். அவனுக்குச் சக்கர அபிஷேகம் உண்டு: குடம் குடமாகத் தண்ணீர், தேங்காய் நாரால் தேய்ப்பு, கூடவே மந்திரம். உதறல் நின்றுவிடும். மந்திரத்தின் மகிமை என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீரின் மகிமையை ஒருவரும் நினைக்கவில்லை.

அன்னூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் சுப்பண்ணக் கவுண்டரின் கார், முனிக்கு மிகவும் பிடித்துப்போன கார். கிடாய்கள் போயின, நெய் டின்கள் போயின, வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கும் போயிற்று. ஒவ்வொரு காணிக்கைக்கும் முனி ஓரிரு நடைக்குச் சும்மா இருப்பார். அப்புறம் மறுபடி ஏறுவார். கடைசியில் சித்தர் கண்ணை மூடி அருள்வாக்குச் சொன்னார்:

"உன் டிரைவர் வேற மதத்தான். அவனை நிறுத்து. காரையும் வர்ற அமாவாசைக்கு முனி பேருக்கே ஒப்படைச்சிடு. என் சீடனே ஓட்டுவான்."

கவுண்டர் கும்பிட்டுத் தலையாட்டிவிட்டு வந்தார்.

வீட்டில் இதைக் கேட்ட அவர் மனைவி நாச்சியம்மாளுக்குச் சுருக்கென்றது. டிரைவர் நசுருதீன் நாலு வருஷமாக அந்தக் காரைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பவன். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"ஏனுங்க, முனி சாமிதானுங்களே? சாமிக்கு எதுக்குங்க காரு?"

"தெய்வ காரியம் அம்மணி. குறுக்கே பேசாதே."

"மாட்டு வண்டியில ஏன் ஏற மாட்டேங்கறாருங்க?"

"அது... மெதுவாப் போகுதல்ல? வேகமாப் போறவனுக்குத்தான் திமிரு. அவனைத்தான் முனி சோதிப்பாரு."

"அப்பிடீங்களா? கோயமுத்தூர்ப் பாசஞ்சர் ரயிலும் வேகமாத்தான் போகுது. அதுல ஏறுனாருங்களா?"

கவுண்டருக்கு அவசரமாகத் தோட்டத்தில் வேலை வந்துவிட்டது.

அடுத்த முறை அவர் கோயமுத்தூருக்குப் புறப்பட்டபோது நாச்சியம்மாளும் ஏறிக்கொண்டாள். போகும்போது வேறு வழியாகப் போனார்கள். ஒரு நடுக்கமும் இல்லை. திரும்பும்போது சித்தர் கொட்டகையில் நின்றார்கள். காரைத்தான் கொடுக்கப் போகிறோமே என்று கவுண்டர் அன்றைக்கு எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். சீடன் சட்டியோடு வந்தான். மூன்று சக்கரங்களை மேலாகத் தடவிவிட்டு, முன்பக்கத்து இடது சக்கரத்தருகில் மட்டும் வெகு நேரம் குந்தியிருந்தான். நாச்சியம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மைல் போனதும் நேர்ச் சாலை வந்தது. வேகம் முப்பத்தைந்தைத் தொட்டது. ஸ்டியரிங் உதறத் தொடங்கியது.

"முனீசா! முனீசா!" என்றார் கவுண்டர்.

"நிறுத்து தம்பி" என்றாள் நாச்சியம்மாள். "முன்னால சக்கரமும் பின்னால சக்கரமும் ஒரே அளவுதானா?"

"ஒரே அளவுதானுங்கம்மா. காத்து சரியா இருக்குது. நட்டெல்லாம் முறுக்கிப் பார்த்துட்டேன். எனக்கே ஒண்ணும் புரியலைங்க" என்றான் நசுருதீன். வேலை போகப்போகிற துக்கத்தில் அவன் முகம் வாடிக் கிடந்தது.

"அப்ப முன்னால இருக்கறதைப் பின்னால மாட்டு. பின்னால இருக்கறதை முன்னால மாட்டு. முனி ஸ்டியரிங்குல உக்காந்திருந்தா அங்கேயே இருக்கட்டும். சக்கரத்துல உக்காந்திருந்தா சக்கரத்தோட பின்னால வரட்டும்."

"தெய்வக் குத்தம் அம்மணி!" என்று கவுண்டர் அலறினார். ஆனால் நசுருதீன் அதற்குள் ஜாக்கியை எடுத்துவிட்டான்.

சக்கரங்கள் இடம் மாறின. கார் மறுபடி வேகம் பிடித்தது. ஸ்டியரிங் கோயில் குளத்துத் தண்ணீர்போல் அசையாமல் நின்றது. ஆனால் பின் சீட்டு குதிக்கத் தொடங்கியது. கவுண்டரின் வெற்றிலைப் பெட்டி கவிழ்ந்து, சுண்ணாம்பு அவர் மீசையில் அப்பியது.

"ஏனுங்க, முனி இப்ப உங்க சீட்டுக்குக் கீழ வந்துட்டாருங்க" என்றாள் நாச்சியம்மாள். சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். உட்புறத்துக் குழிவில், ஒரே இடத்தில், இளநீர்க் குடுக்கையில் பாதி அளவுக்கு ஒரு கட்டி அப்பியிருந்தது. களிமண்ணும் இரும்புத்தூளும் சேர்த்துப் பிசைந்த கட்டி. மேலே திருநீறு.

"மண் ரோட்டுல ஓடற வண்டி. மண்ணு ஒட்டறது சகஜம்னு விட்டுட்டேனுங்கம்மா" என்று நசுருதீன் தலையைச் சொறிந்தான்.

"ராட்டையில ஒரு பக்கமா எதையாவது கட்டிவெச்சுச் சுத்திப் பாரு. மெதுவாச் சுத்துனா ஒண்ணுந் தெரியாது. வேகமாச் சுத்துனா ராட்டையே எந்திரிச்சு ஆடும்" என்றாள் அவள்.

கவுண்டர் கட்டியை உற்றுப் பார்த்தார். "ஒருவேளை முனி களிமண் ரூபத்துல வந்திருப்பாரோ?"

நாச்சியம்மாள் கட்டியை வழித்து ஒரு வாழையிலையில் சுற்றிக்கொண்டாள். மீதி வழி முழுவதும் கார் நாற்பதில் பறந்தது. கவுண்டர் மீசையைத் துடைத்தபடி யோசனையில் இருந்தார். அவர் யோசித்து வெகு நாளாகியிருந்தது.

அமாவாசையன்று கொட்டகையில் திருவிழாக் கூட்டம். ஒரு கவுண்டர் தன் காரையே முனிக்குக் கொடுக்கும் காட்சியை யார் விடுவார்கள்? முன்வரிசையில் பஸ் முதலாளி வெங்கடபதி நாயுடு, வாரம் ஒரு கிடாய் தருகிற பரம பக்தர், கைகூப்பி நின்றார். கார் வந்தது. நாச்சியம்மாள் இறங்கி, வாழையிலையை எல்லோருக்கும் தெரியும்படி விரித்தாள்.

"சாமி, இது உங்க சீடரு எங்க சக்கரத்துல பூசுன களிம்பு. இருந்த இடத்துலயே இதை மறுபடி ஒட்டப் போறோமுங்க. நீங்க வண்டியில ஏறிக்குங்க. வண்டி உதறுனா உங்க மந்திரத்தாலயே நிறுத்துங்க. சக்கரத்தைத் தொடக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது. நிறுத்திப்போட்டீங்கன்னா காரு உங்களுக்கு."

சித்தர் வானத்தைப் பார்த்தார். "இப்போது ராகுகாலம்..." என்று இழுத்தார்.

"சாமிக்கு ராகுகாலமா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். முதல் கேள்வி கேட்டதும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. "ஏறுங்க சாமி! முனியை ஒரு கை பாருங்க!"

நசுருதீன் முன்பக்கத்து இடது சக்கரத்தில் கட்டியை அப்பினான். பக்தர்களே சித்தரைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். பின்னால் கவுண்டரும் வெங்கடபதியும் ஏறினார்கள். நசுருதீன் ஒரு பிஸ்மில்லா சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

இருபதில் சித்தர் கம்பீரமாக மந்திரம் சொன்னார். முப்பதில் சத்தமாகச் சொன்னார். முப்பத்தைந்தில் கார் உதறியது; மந்திரமும் உதறியது. நாற்பதில் உருத்திராட்சம் பல்லில் இடித்தது.

"மெதுவா! மெதுவாப் போடா!"

"மந்திரம், சாமி! மந்திரத்தைச் சொல்லுங்க!" என்றார் கவுண்டர்.

சித்தருக்கு மந்திரம் மறந்துவிட்டது. ஆனால் தொழில் மறக்கவில்லை. கதவை இரண்டு தட்டுத் தட்டி, தொண்டை கிழியக் கத்தினார்: "ஹோல்டேன்! ஹோல்டேன்! கட்டியை வழிச்சுப்போட்டா நின்னுபோகுமுங்கண்ணா!"

வெங்கடபதி திடுக்கிட்டார். வண்டியை நிறுத்தச் சொல்லும் அந்தத் தட்டும் அந்தக் குரலும் அவர் தம் பஸ்ஸில் முன்பு தினமும் கேட்டவை. எட்டித் தாடியைப் பிடித்தார். தாடி அவர் கையோடு வந்தது.

"அட, நம்ம கிளீனர் சென்னிமலை! பெட்ரோல் திருடினதுக்கு உன்னை வெரட்டினேனே! வெரட்டின பயலுக்கா நான் வாரா வாரம் கிடாய் கொடுத்தேன்?"

கார் திரும்பி வந்து நின்றதும் சித்தர் இறங்கினார், ஓடினார். பருத்திக் காட்டுக்குள் அவர் ஓடிய வேகம் முப்பத்தைந்துக்குக் குறையாது. சீடன் அதற்கு முன்பே மறைந்திருந்தான். மண்சட்டி மட்டும் இருந்தது. உள்ளே களிமண், இரும்புத்தூள். கொட்டகைக்குப் பின்னால் வெட்டாமல் மிச்சமிருந்த கிடாய்கள் இலை மென்றுகொண்டிருந்தன.

கவுண்டர் எல்லோர் முன்னிலும் நசுருதீன் தோளில் கைபோட்டார். "என்னைக்கும் நீதான்டா எங்க டிரைவரு. நான் புத்தி கெட்டுப்போயிட்டேன்."

நசுருதீன் சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் கூட்டம் என்பது கூட்டம்தான். அதற்குள் ஒருவர் தட்டில் கற்பூரம் ஏற்றி நாச்சியம்மாள் முன்னால் நீட்டினார். "தாயே! நீங்கதானுங்க சக்கரத்தம்மன்! முனியையே ஓட்டிப்போட்டீங்களே!" பின்னால் ஐம்பது கைகள் தலைக்குமேல் எழுந்தன.

நாச்சியம்மாள் கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

"கும்படறதுக்கு இத்தனை கை எந்திரிக்குதே! இதுல ஒரு கை, ஒரே ஒரு கை, அந்தச் சக்கரத்துக்குப் பின்னால போய்த் துழாவிப் பாத்திருந்தா என்னங்க? கையைக் கீழ போடுங்க. மூளையைக் கொஞ்சம் மேல எடுங்க."