லிஃப்ட் சாவியும் பதவி நீக்கத் தீர்மானமும்

டில்லியில் நீதி தவறாத சபைகள் இரண்டு. ஒன்று நாடாளுமன்றம். இன்னொன்று, மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழு. முதலாவதைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன் கண்ணுகளா, வயதான காலத்தில் எதற்கு வம்பு? இரண்டாவதன் பெருமையைச் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பைக் கட்டியவர்களில் பாதிப் பேர் நாடாளுமன்ற அலுவலகத்தில் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர்கள். சங்கத்துக்கு விதி எழுத உட்கார்ந்தவர்கள், கைப்பழக்கத்தில் சபை நடைமுறை விதிகளையே எழுதிவிட்டார்கள். குப்பை வண்டி வராவிட்டால்கூட எங்களிடம் 'கவன ஈர்ப்புத் தீர்மானம்' உண்டு.

தலைவர் சேஷன் தரைத்தளத்தில் இருப்பவர். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் ஏறி இறங்கி லிஃப்ட் 'தேய்ந்துபோகிறது' என்று அதைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் படியேறி உடம்பைத் தேற்றிக்கொண்டோம். நான்காம் மாடி ஜலஜாவுக்கு மட்டும் அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. பிசியோதெரபிக்குப் போகாவிட்டால் கால் மடங்காமலே நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சாவி கேட்டார், கிடைக்கவில்லை. ஆகவே தலைவரைப் பதவி நீக்கக் கோரி நோட்டீஸ் எழுதி, தன் வீட்டில் வேலை செய்யும் செங்கம்மாளிடம் கொடுத்தனுப்பினார்.

நோட்டீஸை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம், விதிப்படி, தலைவருக்கே. "பரிசீலனையில இருக்கு," என்றார் சேஷன். குளிர்காலம் போயிற்று. பிறகு பெருந்தன்மையாக ஏற்றார். அதைவிடப் பெருந்தன்மையாக விசாரணைக் குழு போட்டார். குழு லிஃப்டை நேரில் பார்வையிட்டு, "பூட்டு நல்ல நிலையில் உள்ளது" என்று அறிக்கை தந்தது. அதை விவாதிக்க வேண்டிய நாளில் ஓர் உறுப்பினரின் சம்பந்தி கும்பகோணத்தில் காலமானார். இரங்கல் தெரிவித்துச் சபை ஒத்திவைக்கப்பட்டது. அப்புறம் கோடை விடுமுறை. எல்லோரும் ஊருக்குப் போனோம்.

செங்கம்மாள் செயலாளர் ரத்தினவேலிடம் வந்து நின்றாள். "அக்காவுக்குக் கால் மடங்கவே மாட்டேங்குது சார்."

"அச்சா. அது ஜீரோ அவர்ல, அதான் சபையோட பூஜ்ய நேரத்துல, எழுப்ப வேண்டிய விஷயம்மா."

"அது எப்ப வரும்?"

"சபை கூடினா வரும்."

கூடியது. தரைத்தள ஹாலில் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவரே தலைமை வகிக்கலாமா என்று கேட்காதீர்கள். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார விதியில்லை.

ரத்தினவேல் எழுந்தார். "புகார் குடுத்தவங்க நேர்ல வரணும். வரலேன்னா தீர்மானம் காலாவதி."

"எப்படி வர்றதாம்? லிஃப்டைத் திறங்கோளேன்!" என்று நான்காம் மாடி பால்கனியிலிருந்து ஜலஜாவின் குரல் வந்தது.

"சபைக்கு வெளியிலேர்ந்து வர்ற குரல் பதிவாகாது," என்றார் சேஷன்.

செங்கம்மாள் ஓடினாள். எதிர் ப்ளாக்கில் சுவர் பூசிக்கொண்டிருந்த தம்பி முருகனையும் அவன் கூட்டாளியையும் "ஜல்தி வாங்கடா!" என்று இழுத்து வந்தாள். மூவருமாக ஜலஜாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கி, சபை நடுவில் வைத்தார்கள். நீட்டிய கால் நீட்டியபடியே இருந்தது. மேஸ்திரி கத்தவே, ஆண்கள் இருவரும் வேலைக்கு ஓடினார்கள்.

ரத்தினவேல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"கீழே இறங்க முடியலேன்னுதானே மேடம் உங்க புகார்?"

"ஆமாம்."

"இறங்கி வந்துட்டீங்களே!"

செங்கம்மாள் விடவில்லை. "ஏன் சார், நாளைக்கு உங்களைப் பாடையில தூக்கிட்டுப் போனா, நடந்து போனாருன்னு எழுதிக்குவீங்களா?"

"அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது," என்றார் சேஷன்.

தீர்மானம் 'ஆதாரமின்றி' தள்ளுபடியாயிற்று. செங்கம்மாள் எங்கள் பக்கம் திரும்பினாள். "ரெண்டு பேர் கை குடுங்கய்யா, அக்காவை மேல கொண்டுபோகணும்."

கொடுக்கக் கூடாதென்றில்லை, கண்ணுகளா. அந்த நேரம் பார்த்து எங்கள் கைகள் அத்தனையும் உயர்ந்து நின்றன. நடுநிலை தவறாமல் சபையை நடத்திய தலைவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றிக்கொண்டிருந்தோம்.