கரடி வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த கதை

ஒரு காட்டில் முதலில் கரண்ட் வந்தது, அப்புறம் கேபிள் வந்தது, கடைசியில் கரடி வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் வந்தது. மகன் படிக்கட்டும் என்றுதான் வாங்கினார்கள். அவனோ படித்து முடித்து, ஒரு லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். பழைய கம்ப்யூட்டர் மட்டும் கூடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.

அதன் பெட்டிக்குள் அணிலம்மா தேங்காய் நாரும் பஞ்சும் பரப்பிக் குட்டி போட்டிருந்தாள். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

ஒரு நாள் காலையில் தெருவில் நரியின் சத்தம் கேட்டது.

"பழைய இரும்பு, பிளாஸ்டிக், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

கரடியம்மா வாசலுக்கு ஓடினாள். "தம்பி, ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. எடுத்துக்கறியா?"

"சாயங்காலம் வண்டியோட வர்றேன்க்கா. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

பெட்டிக்குள் இருந்த அணிலம்மாவின் காதில் இது விழுந்தது. வெளியே அடைமழை. மரப்பொந்துகளில் எல்லாம் தண்ணீர். பச்சைக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? பெட்டியின் பின்பக்க ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள்.

"அக்கா, இதைப் போயா போடுறீங்க? எத்தனை வேலைக்கு ஆகும்! அந்தக் கீபோர்டுல குதிகால் தேய்க்கலாமே."

"என் குதிகாலுக்கு அது தாங்காதுடி."

"பெட்டி மேல ஏறி நின்னு பரண்ல இருக்கற அண்டாவை எடுக்கலாம்."

"நான் ஏறினா பெட்டி அப்பளமா நொறுங்கிடும்."

"ஆமாக்கா, ஏறவே ஏறாதீங்க!" என்று அணிலம்மா அவசரமாக ஒத்துக்கொண்டாள். "சரி, அந்தத் திரையைப் பாருங்க. எப்படிப் பளபளன்னு இருக்கு! முகம் தெரியுதா?"

கரடியம்மா குனிந்து பார்த்தாள். அணைந்து கிடந்த திரையில் அவள் முகம் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தது.

"அட, நல்லாத்தான்டி காட்டுது."

இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குளிக்கக் கிளம்பியவள், எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் செய்கிற மாதிரி, நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திரை நடுவில் ஒட்டிவிட்டுப் போனாள். குளித்துவிட்டு வந்து புதுப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

"ஆனா பீரோவுலயும் கண்ணாடி இருக்கேடி. சாயங்காலம் போட்டுடத்தான் போறேன்."

அணிலம்மா குட்டிகளை அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சாயங்காலம் நரி வந்து பெட்டியில் கை வைத்த நேரம், கரடியார் வேலை முடிந்து உள்ளே நுழைந்தார். திரை நடுவில் சிவப்பாகப் பொட்டு!

"டேய், கையை எடுடா! பொட்டு வெச்ச பொருளையா எடைக்குப் போடுவாங்க?"

நரி சுட்டதுபோலக் கையை இழுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அக்கா சொல்லவே இல்லையேண்ணே!" ஒரு கை பேரீச்சம்பழத்தைத் திரை முன்னால் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை மிதித்தான்.

"அது என்னோட பழைய..." என்று கரடியம்மா வாயைத் திறந்தாள்.

கரடியார் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு நின்றார். "உனக்குள்ள இவ்வளவு பக்தி இருக்குன்னு தெரியாமப் போச்சே! நீ உட்காரு. இன்னைக்கு நான் டீ போடறேன்."

கரடியம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

விஷயம் காடு முழுக்கப் பரவியது. பரீட்சைக்கு முன்னால் முயல் தன் பிள்ளையைக் கூட்டி வந்தாள். குரங்கு புது செல்போனை வாங்கி, பெட்டியிலிருந்து பிரிக்காமல் கொண்டுவந்து காலடியில் வைத்தான். பொரி, கடலை, வாழைப்பழம் என்று குவிந்தது.

"இது ஆன் ஆகுமா?" என்று ஆமை மட்டும் கேட்டது.

"கேக்கற கேள்வியைப் பாரு!" என்று எல்லோரும் சேர்ந்து அதை வெளியே அனுப்பினார்கள்.

அணில் குட்டிகள் கண் திறந்தபோது எதிரில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. மழை விட்டதும், "வாங்கடா, மரம் ஏறக் கத்துத் தர்றேன்" என்றாள் அணிலம்மா.

"எதுக்கும்மா?" என்றன குட்டிகள், பொரியை மென்றுகொண்டே.

நீதி: பழைய பொருளுக்குப் புதுப் பயன் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் ஒரு பொட்டை ஒட்டிவிடுங்கள். பயனைப் பற்றி அப்புறம் யாரும் மூச்சு விட மாட்டார்கள்.