மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு தொப்பை

இனிப் பொறுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். எடுத்தது குளியலறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. வெளியே நின்று எடுக்கிற தைரியம் எனக்கு இல்லை.

என் மனைவிக்கு விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வேலை. மூன்று வருஷமாகப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் நிம்மதியாக இருந்தேன். போன மாதம் ஆட்களைப் பார்க்கிற ஸ்கேனருக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் கையைத் தூக்கி நிற்க வேண்டும். மில்லிமீட்டர் அலை என்று ஒன்று ஆளைச் சுற்றி வரும். போனில் படித்தேன். துணியைத் தாண்டிப் போகுமாம், தோலில் பட்டுத் திரும்புமாம். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. வயிறு பற்றி எரிந்தது.

"தினம் எத்தனை பேர் வருவாங்க?"

"ஆயிரம் இருக்கும்."

"அதுல ஆம்பளைங்க?"

"பாதிக்கு மேல. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

போதாக்குறைக்கு அங்கே ஒரு நெட்டையன். கூட வேலை பார்ப்பவன். ஆறடி. இவனுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். 'அவர் ரொம்பப் பொறுமை' என்று வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்கிறாள். பன்னிரண்டு வருஷமாக இவளோடு குடித்தனம் நடத்துகிறேன், என் பொறுமை யார் கண்ணிலும் படவில்லை!

"ஆபீஸ் வேலையா வெளியூர் போறேன், நாலு நாள் ஆகும்" என்று அளந்துவிட்டேன். உண்மையில், அவள் டூட்டி நேரத்தில் பயணியாக உள்ளே நுழைவேன். திரையில் என்ன தெரிகிறது, இவள் என்ன பார்க்கிறாள், எல்லாவற்றையும் நேரில் பார்ப்பேன். பிறகு 'பயணம் வேண்டாம்' என்று வெளியே வந்து, சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. போனில் முதலில் வந்த டிக்கெட்டைப் போட்டேன். ஏறவா போகிறேன்?

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டினேன். நெட்டையனுக்கு முன்னால் மானம் போகக்கூடாதே என்று தொப்பையை அமுக்குகிற பெல்ட்டையும் இறுக்கிக் கட்டினேன். மூச்சு பாதிதான் போய் வந்தது.

"தொப்பி, கண்ணாடி, எல்லாம் ட்ரேயில வைங்க சார்" என்றாள், ஸ்கேனர் பக்கத்தில் நின்ற என் மனைவி.

வேஷம் அத்தோடு முடிந்தது. அவளோ முகத்தில் ஒன்றும் காட்டாமல், "கையைத் தூக்குங்க சார்" என்றாள். வீட்டில் ஒரு நாள் 'சார்' போட்டிருப்பாளா? தூக்கினேன்.

மெஷின் கத்தியது.

வெளியே வந்து திரையைப் பார்த்தேன். ஒரு பொம்மை. கண் இல்லை, மூக்கு இல்லை, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத வெறும் கோட்டுப் பொம்மை. அதன் வயிற்றை முழுசாக மூடிக்கொண்டு ஒரு மஞ்சள் கட்டம்.

"இவ்ளோதானா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"எல்லாருக்கும் இதே பொம்மைதான் சார். வேற ஏதாவது தெரியும்னு நினைச்சீங்களா?"

ஒரு மாதமாக நான் வயிறெரிந்தது இந்தப் பொம்மையைப் பார்த்தா! வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். ஆண் பயணியை ஆண்தான் தடவிப் பார்க்க வேண்டுமாம். வந்தது யார்? நெட்டையன்.

"உள்ள என்ன சார்?"

"பெல்ட்டு."

"இடுப்புல பெல்ட்டைக் காணோமே?"

"இது... வயித்துக்கு."

தனி அறைக்குக் கூட்டிப்போனான். சட்டையைத் தூக்கச் சொன்னான். ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினான். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு அவசரம் இல்லை. படுபாவி, நிஜமாகவே பொறுமைதான்.

தொப்பை விடுதலையாகி வெளியே வந்தது, பின்னாலேயே நானும். மனைவி காத்திருந்தாள்.

"நான் போகலை. வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

"சோதனை தாண்டிட்டா அப்படியெல்லாம் போக முடியாதுங்க. ஏன் உள்ள வந்தேன், ஏன் திரும்புறேன்னு பெரிய அதிகாரிக்கு எழுதிக் கொடுக்கணும். காரணம் என்னன்னு எழுதுவீங்க? பேப்பர் எடுத்துட்டு வரட்டுமா?"

வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினேன்.

அவள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். என் பைதான். "டிக்கெட் மெசேஜ் எப்பவும் என் நம்பருக்குத்தானே வரும். நேத்தே பார்த்துட்டேன். துணி, பிரஷ், சீப்பு எல்லாம் இருக்கு. எக்ஸ்ரேல போட்டும் பார்த்தாச்சு. திரும்பி வர டிக்கெட் வியாழக்கிழமைக்குப் போட்டிருக்கேன்."

"இன்னைக்குத் திங்களாச்சேடி! நாளைக்கே வந்துடறேனே?"

"ஆபீஸ் வேலையை அப்படிப் பாதியில விட்டுட்டு வரலாமாங்க?" என்றாள்.