லாம்பாகிப்போன நட்சத்திரம்

தன்னாமுனை,
29.03.1987

அன்புக்குரிய மச்சான் நல்லரத்தினம் அவர்கட்கு,

மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் உங்கள் அக்கா அன்னப்பூரணியும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்களாக. எனக்கு முகம் ஒன்றுதான் குறை. அதை வெளியில் காட்ட முடியாமல் ஐந்து நாளாக வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

போன மாதம் தென்திசை வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்துச் செத்தது, ஏறக்குறைய நானூறு வருடத்துக்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெரிகிற சாவு இது என்று ரேடியோவில் கேட்டதும், முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொழுதுபட்டதும் வாவிக்கரைக்குப் போனேன். இடது கண்ணில் வெண்படலம், ஆகவே வலது கண்ணால் தெற்கே பார்த்தேன். தண்ணீருக்கு மேலே முக்கால் சாண் உயரத்தில், மங்கலாக, கொஞ்சம் சிவப்பாக ஒன்று நின்றது. உடனே உங்களுக்கு எழுதினேன். நீங்கள் பத்திரிகையில் அச்சுப்பிழை பார்க்கிறவர்தான் என்றாலும் அக்கா புருசன் என்ற தாட்சணியத்தில் ஆசிரியரிடம் பேசி, மட்டக்களப்பில் அதை முதலில் கண்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் க. வினாயகமூர்த்தி என்று நாலாம் பக்கத்தில் போடுவித்தீர்கள். அந்தப் பேப்பரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டித் திரிந்தேன். இன்று நினைத்தால் காது கூசுகிறது.

பேப்பரைப் பார்த்துவிட்டுப் போன செவ்வாய்க்கிழமை பொழுதுபடும் நேரம் கரையில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஏறாவூரிலிருந்து நெல் வியாபாரி அசனார்கூடச் சைக்கிளில் வந்திருந்தார். ஆளைக் கண்டால் எனக்கு வாய் நிற்குமா? விண்வெளியில் பரந்து கிடக்கிற தூசியும் வாயுவும் தன் பாரத்தாலேயே திரண்டு, இறுகி, சூடேறித்தான் நட்சத்திரம் பிறக்கிறது என்றேன். சின்ன நட்சத்திரம் சிக்கனக்காரன், கிடைத்ததை வைத்துக் கோடி கோடி வருடம் எரிவான். பெரியவன் ஊதாரி, கொஞ்சக் காலத்தில் எல்லாவற்றையும் எரித்துவிட்டு, தாங்க ஒன்றுமில்லாமல் உள்ளுக்குள் இடிந்து விழுந்து வெடிப்பான் என்றேன். இது வெடித்து ஒன்றரை லட்சம் வருடத்துக்கு மேலாகிறது, வெளிச்சம்தான் இப்போது வந்து சேர்கிறது, நம் இரத்தத்தில் இருக்கிற இரும்புகூட இப்படிச் செத்த நட்சத்திரங்களில் காய்ச்சினதுதான் என்றேன். எங்கட சூரியனுக்கும் இது வருமா என்று அசனார் கவலையாகக் கேட்டார். அது வெடிக்காது, வீங்கிப் பிறகு சுருங்கி ஆறிப்போகும், அதற்கும் ஐநூறு கோடி வருடம் இருக்கிறது என்று சொன்னேன். "அப்ப இந்தப் போகம் வெட்டலாம்" என்று அவர் ஆறுதல்பட்டார்.

நான் கையை நீட்டி எல்லாருக்கும் நட்சத்திரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், சாமித்தம்பி தோணியைக் கரையில் இடித்துக்கொண்டு வந்து இறங்கினான். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், இப்போது வாவியில் மீன் பிடிக்கிறான். தலையைச் சொறிந்துகொண்டு சத்தமாகவே சொன்னான்: "சேர், குறை நினைக்காதீங்க. அது என்ட லாம்பு. இறாலுக்கெண்டு கம்பு உச்சியில கொளுத்திக் கட்டியிரிக்கன்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அசனார் மட்டும் என் தோளைத் தட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினார், அது அந்தச் சிரிப்பைவிட மோசம். அன்றிலிருந்து எனக்கு ஊரில் லாம்பு சேர் என்று பெயர். ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் படிப்பித்த மனுசன், மச்சான், ஒரு லாம்பைக் கண்டு நட்சத்திரம் செத்துப்போச்செண்டு பேப்பரில போட்டுட்டனே. வெட்கம் தின்னுது.

ஆகவே ஒரு திருத்தம் போடுவிக்க வேண்டும். பிழை விஞ்ஞானத்தினுடையதல்ல, லாம்பினுடையது என்று நாடறியட்டும். தன்னாமுனை சாமித்தம்பி என்பவர் வாவியில் கம்பு நட்டுக் கட்டிய லாம்பே அது என்று பெயர், ஊர் எல்லாம் முழுவதாக வரட்டும். அவன் பெயரின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், அச்சில் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மானம் உங்கள் கையில்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நூறு வயதும் நிறைந்த கல்வியும் பெற்று வாழட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மச்சான்,
க. வினாயகமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அன்னப்பூரணி இதை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு, "இஞ்சருங்க, அவனக் கொல்லவா எழுதியிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். வாவியில் லாம்பு கொளுத்தக்கூடாதென்று இராணுவ முகாமிலிருந்து கட்டளை வந்து இரண்டு மாதமாகிறது, வெட்கத்தில் எனக்கு அது மறந்தே போயிற்று. சாமித்தம்பியின் லாம்பு அவன் வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை அக்கரை முகாமில் துவக்குக்காரர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துப் படகை இயக்கினதை அவன் தோணியிலிருந்து கண்டிருக்கிறான். ஓடுங்கள் என்றால் சனம் ஓடும், ஓடுகிறவர்களைத்தான் சுடுவார்கள். சிரித்துக்கொண்டு நடக்கிறவர்களைச் சுட மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். ஊரில் மற்ற எல்லாருக்கும் இது அன்றிரவே விளங்கிவிட்டதாம்.

ஐந்து நாளைக்குப் பிறகு முகத்தை வெளியே எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான், எழும்பி நின்றான். "உங்கட மானத்த எடுத்துப்போட்டன், சேர். அவசரத்தில வேற ஒண்டும் கைக்கு வரல்ல" என்றான்.

நான் கண்டது நட்சத்திரமேதான், மச்சான். அது எனக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. இந்தக் கடிதம் உங்களுக்கு வராது. அன்னப்பூரணி நெருப்புப்பெட்டியோடு பக்கத்தில் நிற்கிறாள், அவன் பெயர் இருக்கிற தாளை முதலில் தரச் சொல்லுகிறாள்.