ஒன்பதாவது வீடு வரைக்கும்

துரை வருவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தபோது ரிசீவர் மூன்றாவது தடவையாகச் செத்தது.

டிவியில் ஒரு ஹெலிகாப்டர் மலைக்குப் பின்னாலிருந்து எழும்பி வந்தது. அறையின் மூலைமுடுக்கெல்லாம் ஐந்து ஸ்பீக்கர்கள் உறுமின. ‘டக்’கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஹெலிகாப்டர் ஊமையாகப் பறந்தது. ரிசீவரின் நெற்றியில் ‘புரொடெக்ட்’ என்று நீல எழுத்து மினுக்கியது.

“எதைப் புரொடெக்ட் பண்ணுது?” என்று சமையலறை வாசலில் நின்று கேட்டாள் யுவனேஸ்வரி.

“தன்னைத்தானே பாதுகாத்துக்குது. புத்திசாலி மெஷின்லா.”

“நம்மள யாரு பாதுகாக்கிறது?”

ஹரிதாஸ் மனைவியின் பக்கம் திரும்பாமல் பெட்டியின் தலையில் தட்டிப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அவர் சின்னக் கிராணி; இரண்டாம் குமாஸ்தா. பதினான்கு வருடமாகச் சின்னக் கிராணி. பெரிய கிராணி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்று தோட்ட மேனேஜராக வந்திருக்கும் புதுத் துரை ராமசாமிதான் முடிவு செய்ய வேண்டும். அப்படிப்பட்ட துரை, வெள்ளிக்கிழமை தானாகவே ஹரிதாஸின் மேசைக்கு வந்து நின்றார்.

“ஹரிதாஸ், வீட்ல பெரிய சவுண்ட் செட் வச்சிருக்கீங்களாமே? ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வந்து கேக்கலாமா?”

பேனா கை நழுவி விழுந்தது. பெரிய கிராணியின் வீட்டுக்குக்கூட எந்தத் துரையும் போனதில்லை.

சவுண்ட் செட்டின் உயிர் அந்த ரிசீவர்தான். டிவியிலிருந்து வரும் சத்தத்தை வாங்கி, ஸ்பீக்கர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் கறுப்புப் பெட்டி. இணையத்தில் மலிவு விற்பனையில் வாங்கியது. அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததை எல்லாம் ஹரிதாஸ் மனப்பாடம் செய்திருந்தார். ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி, புளூடூத், அறையைத் தானே அளந்துகொள்ளும் மைக், ஐநூறு வாட். உள்ளே இருந்த புத்தகத்தை மட்டும் அவர் பிரிக்கவில்லை. ஐநூறு வாட் என்பது ஒரே ஒரு ஸ்பீக்கரை, ஒரே ஒரு நொடி ஓட்டினால் வரும் கணக்கு என்று அதன் கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

“அந்தப் புத்தகத்தைத்தான் கொஞ்சம் படிங்களேன்” என்றாள் யுவனேஸ்வரி.

வேறு வழியில்லாமல் படித்தார். சூடு அதிகமானால் பெட்டி தானாக அணையும். காற்றோட்டம் இல்லாவிட்டால் பக்கத்தில் மின்விசிறி வைக்கவும்.

கேமரன் மலையில் மின்விசிறி! இந்த லைனில் ஒட்டி ஒட்டி இருக்கும் பன்னிரண்டு வீட்டிலும் போய்க் கேட்டால் முப்பது கம்பளி கிடைக்கும். பிரிஞ்சாங்கில் இருக்கும் ஹார்ட்வேர் கடைக்குப் போன் போட்டார். கடை முதலாளி தவுக்கே ஒரு நிமிடம் சிரித்துவிட்டு, “ஹீட்டர் இருக்கு, வேணுமாலா?” என்று கேட்டார்.

ஹரிதாஸ் ஜன்னலைத் திறந்தார். காற்றுக்குப் பதில் மேகம் வந்தது. தேயிலைச் சரிவிலிருந்து ஏறி வந்த மூட்டம் சோபாவில் உட்கார்ந்து, டிவியை மறைத்து, ரிசீவரின் முதுகில் முத்து முத்தாகப் படிந்தது. புத்தகத்தின் அடுத்த வரி: ஈரம் படக்கூடாது.

ஜன்னலைச் சாத்திவிட்டு, யுவனேஸ்வரியின் தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்து வந்து ஊதினார். ஈரம் போனது. ஆனால் பொத்தானை மாற்றி அழுத்தியதில் வெந்நீர் ஆவி மாதிரி சூடு இறங்கி, பெட்டியின் மேல் தோசை சுடலாம் போலிருந்தது.

“அலாமா! நகருங்க” என்று முறத்தோடு வந்தாள் யுவனேஸ்வரி. “நான் விசிறுறேன். நீங்க போடுங்க.”

ஹரிதாஸுக்குக் கண் கலங்கியது. செட்டு வந்த முதல் வாரம் அவள் “காது வலிக்குதுங்க” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் பேஸை நான்கு படி ஏற்றி, “இப்ப வலிக்குதா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ரசனை வந்துவிட்டது என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். இன்றைக்கு முறத்தைப் பார்த்ததும் அது உறுதியாயிற்று.

காற்று நன்றாகப் படட்டும் என்று பெட்டியை அலமாரியிலிருந்து முன்னால் இழுத்தார். அதன் பின்புறம் ஒயரைப் பிடித்திருந்தவை சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கவ்விகள். விலை குறைந்த சாமானுக்கு அதுவே அதிகம் என்று கம்பெனி நினைத்திருக்க வேண்டும். இழுத்த இழுப்பில் பத்து ஒயரும் ஒரேயடியாகக் கழன்று வந்தன. பத்தும் ஒரே நிறம்.

“எது எங்க இருந்துச்சுன்னு தெரியுமா?” என்றாள் யுவனேஸ்வரி.

“இதெல்லாம் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.”

கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தது போலத்தான் செருகி முடித்தார். வெளியே ஜீப் வந்து நின்றது.

துரை ராமசாமி கம்பளிச் சட்டையும் கையில் போனுமாக இறங்கினார். டிரைவர் விஜயன் ஜீப்பிலேயே சாய்ந்து நின்றுகொண்டான். லைனில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நிற்பதை ஹரிதாஸ் பார்த்தார். பொறாமையாகத்தான் இருக்கும். பெருந்தன்மையோடு எல்லாருக்கும் கையாட்டினார். யாரும் திருப்பி ஆட்டவில்லை.

துரை சோபாவில் உட்கார்ந்து, தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டார். “போடுங்க, பாப்போம்.”

படம் ஓடியது. திரையில் கதாநாயகன் வாயசைத்தான். அவன் குரல் துரையின் முதுகுக்குப் பின்னால், குளியலறைக் கதவுக்கு மேலிருந்து வந்தது.

துரை திரும்பிக் குளியலறையைப் பார்த்தார். “பேச்சு ஏன் அங்கேருந்து வருது?”

“புது டெக்னாலஜி சார். நாம கதைக்குள்ளயே இருக்கிற மாதிரி.”

கதாநாயகி கண்ணீரோடு காதலைச் சொன்னாள். அதுவும் குளியலறையிலிருந்தே வந்தது. துரை இருமினார்.

“இது எவ்வளவு சத்தம் வரைக்கும் போகும், ஹரிதாஸ்?”

இதுவல்லவோ கேள்வி! “இப்ப ஓடுறது பாதிதான் சார்.”

“பாதியா? தினம் போடுவீங்களா?”

“தினம் சார்! ஆபீஸ் விட்டு வந்ததும் போட்டுருவேன். ஞாயித்துக்கிழமைன்னா காலையில ஏழு மணிக்கே ஆரம்பிச்சிருவேன்.”

துரை போனில் எதையோ தட்டி எழுதிக்கொண்டார். செட்டின் பெயரைக் குறித்துக்கொள்கிறார், பங்களாவுக்கும் ஒன்று வாங்கப் போகிறார் என்று ஹரிதாஸ் மனைவியிடம் புருவத்தால் தெரிவித்தார். அவள் முறத்தை வீசிக்கொண்டே தலையசைத்தாள்.

பேச்சை முன்பக்கம் கொண்டுவந்துவிட்டால் துரை முழுசாக விழுந்துவிடுவார். ஹரிதாஸ் ரிமோட்டை எடுத்தார். அதில் ஐம்பத்திரண்டு பொத்தான்கள். சரியானது என்று நினைத்து ஒன்றை அழுத்தினார். ‘புளூடூத்’ என்று பெட்டி எழுதிக் காட்டியது. இந்தப் பெட்டியின் புளூடூத் கடவுச்சொல் எதுவும் கேட்காது. அடுத்த வீட்டுக் காளியம்மாவின் போன், அவள் வீட்டுச் சின்ன ஸ்பீக்கரைத் தேடிப் புறப்பட்டு, சுவரைத் தாண்டி வந்து இதில் ஒட்டிக்கொண்டது.

“அக்கா!” என்று அவளுக்குப் போன் போட்ட ஒரு பெண்ணின் குரல் ஐந்து திசையிலிருந்தும் இடித்தது. “முட்டகோஸ் லோரி கோலா தெர்லாவுலயே நிக்குதுக்கா. எனக்கு வேற காலையிலேருந்து வயித்தால போகுதுக்கா!”

பேஸ் பெட்டி அந்தக் கடைசிச் செய்தியைத் தரை அதிர அழுத்திச் சொன்னது.

சுவருக்கு அந்தப் பக்கம் காளியம்மா கத்தினாள். “அடி சத்தமாப் பேசுடி! இங்க ஒண்ணுமே கேக்கல!”

ஹரிதாஸ் பொத்தான்களை எல்லாம் மாறி மாறிக் குத்தினார். குரல் நின்று, ஹெலிகாப்டர் திரும்பி வந்தது.

“சுவரு ரொம்ப மெல்லிசு போல” என்றார் துரை. எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வில் விரல்கள் ஆடின. “அந்தம்மா ஒண்ணும் சொல்றதில்லயா?”

“காளியம்மாக்காவா? சொல்லுவாங்க சார். ‘தம்பி, எங்க வீட்டுக்குள்ள குண்டு வெடிக்குது’ன்னு ரெண்டு வாட்டி வந்தாங்க. ஓசியில படம் கேக்குறீங்கல்ல, பேசாம கேளுங்கன்னு சொல்லிட்டேன்.” ஹரிதாஸ் சிரித்தார்.

துரை போனில் இன்னும் இரண்டு வரி எழுதினார். “நீங்க ஓடவிடுங்க. நான் வெளியே கொஞ்சம் நடந்துட்டு வரேன்.”

“பாத்தியா?” என்றார் ஹரிதாஸ், துரை வாசலைத் தாண்டியதும். “கேட்கத் தெரிஞ்ச மனுஷன். கிட்ட கேட்டு, தூரத்துல கேட்டு, எல்லாம் அளக்கிறாரு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு துரைய நான் பார்த்ததில்ல.”

“பேஸ் பெட்டிய சுவரோட ஒட்டி வச்சா இன்னும் நல்லாக் கேக்கும்ல?” என்றாள் யுவனேஸ்வரி.

ஹரிதாஸ் மலைத்துப்போனார். கல்யாணமான இருபது வருடத்தில் அவள் சொன்னதிலேயே இதுதான் அறிவான வார்த்தை என்று பட்டது. பேஸ் பெட்டியைத் தூக்கிக் காளியம்மாவின் சுவரோடு அணைத்து வைத்தார். சுவருக்கு அப்பால் ஏதோ ஒரு மூடி விழுந்து, நாணயம் போல நெடுநேரம் சுழன்றது.

துரை திரும்பி வந்தார். அவர் முகத்தில் ஒரு பிரமிப்பு இருந்தது.

“ஹரிதாஸ், ஒன்பதாவது வீடு வரைக்கும் கேக்குது.”

அந்த வார்த்தை ஹரிதாஸைக் குத்தியது. பன்னிரண்டு வீட்டு லைனில் ஒன்பதோடு நின்றுபோவதா? பெரிய கிராணி ஆகப்போகிறவன் வீட்டுச் செட்டு முக்கால் லைனோடு மூச்சு வாங்குவதா?

“பன்னண்டாவது வரைக்கும் போகும் சார்! நீங்க இருக்கீங்கன்னுதான் நான் ஏத்தல.”

“பரவால்ல, எனக்கு இதுவே—”

“ஏத்துங்க” என்றாள் யுவனேஸ்வரி. முறம் இரண்டு மடங்கு வேகமாக ஆடியது. “துரை முழுசாக் கேக்கட்டும்.”

ஹரிதாஸ் ஏற்றினார். எண் அறுபதைத் தாண்டி, எழுபதைத் தாண்டி, அந்தப் பெட்டி அதுவரை பார்த்திராத எண்பதைத் தொட்டது. ஹெலிகாப்டர் குளியலறையிலிருந்து கிளம்பி, சோபாவைக் கடந்து, காளியம்மாவின் சுவரில் மோதியது. தகரக் கூரை ஜல்ஜல்லென்று ஆடியது. சாமி படம் கோணிக்கொண்டது. துரையின் கோப்பையில் தேத்தண்ணி வட்டம் வட்டமாக நடுங்கியது. காளியம்மா வீட்டில் சட்டிகள் அலமாரியோடு சரிந்தன. பன்னிரண்டாவது வீட்டு நாய் ஊளையிட்டது.

“கேட்டீங்களா சார்? அது கடைசி வீட்டு நாய்!” என்று ஹரிதாஸ் கூவினார்.

துரை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

‘டக்.’

புரொடெக்ட். எரிந்த ரப்பர் வாசம் லேசாகப் பரவியது. சத்தம் நின்ற வேகத்தில் லைன் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது போலிருந்தது.

“போதும், ஹரிதாஸ்” என்றார் துரை, தேவைக்கு மேல் உரக்க. அவருக்கு இன்னும் காது திறக்கவில்லை. “நான் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுட்டேன். நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வந்ததும் என்னை வந்து பாருங்க. உங்களுக்கு ஒரு லெட்டர் ரெடியா இருக்கும்.”

ஹரிதாஸ் இரண்டு கையையும் கூப்பினார். “சார்... ரொம்ப நன்றி சார்!”

துரை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு யுவனேஸ்வரியின் பக்கம் திரும்பி, “தேத்தண்ணிக்கு நன்றிம்மா” என்று தலை குனிந்து சொல்லிவிட்டு, காளியம்மா வீட்டு வாசலில் ஏதோ விசாரிக்கப் போனார். யுவனேஸ்வரி முறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவ உள்ளே போனாள். அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. பல மாதங்களாக அந்த வீட்டில் அப்படிக் கேட்டதில்லை.

பெரிய கிராணி! நாளைக் காலை வரை எப்படிப் பொறுப்பது? துரையின் காகிதங்களையெல்லாம் சுமந்து போகிற டிரைவர் விஜயனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஹரிதாஸ் அவனிடம் ஓடினார்.

“தம்பி விஜயா, நாளைக்கு துரை குடுக்கப்போற லெட்டர் என்னன்னு உனக்குத் தெரியும்தானே? அண்ணனுக்கு மட்டும் சொல்லு. பெரிய கிராணி போஸ்ட்தானே?”

விஜயன் ஜீப் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பரிதாபமாகப் பார்த்தான்.

“செட்ட வீட்ட விட்டு எடுக்கச் சொல்ற லெட்டர்ண்ணே, லைன்காரங்க சத்தம் தாங்கலன்னு எழுதிக் குடுத்தப்ப துரை மொதல்ல நம்பல, அப்புறம் அதுல மொதக் கையெழுத்தே நம்ம யுவனேஸ்வரி அக்காவோடதுன்னு பார்த்துட்டுத்தான் நேர்ல கேட்டுடலாம்னு வந்தாரு.”